கூண்டுக்குள் உயிர்

பந்தயக் காருக்கு விதி கட்டாயமாக்கும் இரும்புக் கூண்டு, ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்கு எட்டாமல் இருப்பது ஏன்? கேரள எல்லை மலைகளில் எழும் கேள்வி.

குழாயின் வெளிவிட்டம் 45 மில்லிமீட்டர். சுவரின் கனம் இரண்டரை மில்லிமீட்டர். கார் தலைகுப்புறக் கவிழும்போது ராலி ஓட்டுநரின் மண்டைக்கும் பாறைக்கும் நடுவே நிற்பது, கணக்குப் பார்த்தால், இவ்வளவுதான். இந்தக் குழாயை வளைத்து, வெட்டி, பற்றவைத்துக் காருக்குள் கட்டும் சட்டகத்துக்கு ரோல் கேஜ் என்று பெயர். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒற்றை வளைவு மட்டும் இருந்தால் அது ரோல் பார். பட்டறைக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: கூண்டு.

தமிழகமும் கேரளமும் தோள் உரசும் மலைகளில் இந்தக் கூண்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று விளையாட்டின் முகம். பெரிய டயர் மாட்டி, நிறம் பூசி, கூண்டு கட்டி, சேற்றிலும் பாறையிலும் ஏறி இறங்குகிற ஆஃப்-ரோடு ஜீப்புகளுக்கு இடுக்கியில் ரசிகர் கூட்டம் இருக்கிறது. இன்னொன்று பிழைப்பின் முகம். விடிவதற்கு முன்பே கம்பத்திலும் போடியிலும் கிளம்பி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். இவற்றில் பலவற்றுக்குக் கூரை என்பது வெறும் தார்ப்பாய். அதைத் தாங்குவது மழையை மனதில் வைத்துச் செய்த கம்பிகள். கவிழ்வதை மனதில் வைத்துச் செய்தவை அல்ல.

போட்டி வண்டியில் ஒருவரோ இருவரோ, தலையில் ஹெல்மெட்டும் மார்பில் பல முனை பெல்ட்டுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கூலி வண்டியில் தூக்குச்சட்டியும் மடியுமாகப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூண்டு இருப்பது முதல் வண்டியில்.

கோவையின் கை

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வாளையாறைத் தாண்டினால் வந்துவிடுவது கோவை. பம்பும் வார்ப்பும் நூற்பு இயந்திரமும் செய்து பழகிய ஊர். இந்தியாவின் கார் பந்தயத்துக்குக் கை கொடுத்த ஊர்களில் இதற்குத் தனி இடம் உண்டு. மாருதி 800ன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்து, நடுத்தர வர்க்கத்து இளைஞனும் பந்தயம் ஓட்டலாம் என்று காட்டியவர் இந்த ஊர்க்காரரான எஸ். கரிவரதன். 1995ல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003ல் திறந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்தக் களத்துக்குள் 2005ல் நுழைந்ததும் இந்த ஊரிலிருந்துதான்.

கேரளத்து எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் லேத்தும் வெல்டிங்கும் தெரிந்த கைகள் இருப்பதால், கூண்டு கட்டுவது இங்கே மர்மமான வித்தையல்ல. ஆனால் கட்டத் தெரிந்தவர்களுக்கும் கட்டுவதாகச் சொல்பவர்களுக்கும் இடையே உள்ள தூரம், சாலைக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையே உள்ள தூரம்தான்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. இதற்கென்று விரிவான விதிகளை வைத்திருக்கிறது. முதல் விதி குழாயைப் பற்றியது. தகட்டைச் சுருட்டி மூட்டுப் போட்ட குழாய் கூடாது. மூட்டே இல்லாமல் குளிர் நிலையில் இழுத்த எஃகுக் குழாய் வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45க்கு இரண்டரை, அல்லது 50க்கு இரண்டு மில்லிமீட்டர். மற்ற பாகங்களுக்கு 38க்கு இரண்டரை, அல்லது 40க்கு இரண்டு. ஜன்னல் கிரில்லுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வாங்குகிற பைப் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வண்டி உருளும்போது வித்தியாசம் தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை.

இரண்டாவது, வளைப்பது. குழாயைச் சூடாக்கி வளைத்தால் எஃகின் வலு மாறிவிடும். குளிர் நிலையிலேயே வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். வளைந்த இடத்தில் குழாய் நசுங்கி முட்டை வடிவம் கொண்டால், சிறிய விட்டம் பெரிய விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே போகக் கூடாது. நசுங்கிய இடம்தான் மடங்குகிற இடம். மணலை நிரப்பி மரத்தில் வைத்து வளைக்கிற பழைய பட்டறைப் பழக்கம் இங்கே செல்லாது.

மூன்றாவது, பற்றவைப்பது. குழாயும் குழாயும் சேரும் இடத்தில் சுற்று முழுக்க, உள்வரை இறங்கும்படி பற்று வேண்டும். நாலு புள்ளி வைத்துவிட்டு மேலே பூசி மழுப்பி பெயிண்ட் அடித்த பற்று, சாலையில் ஓடும்வரை கச்சிதமாகத் தெரியும்.

நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கூண்டின் கால்கள் எங்கே நிற்கின்றன? காரின் தரை மெல்லிய தகடு. அதன்மேல் குழாயை அப்படியே நிறுத்தினால், வண்டி கவிழும்போது கால் தரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். கூண்டு மொத்தமும் கீழே இறங்கும். அதனால் பிரதான வளைவின் ஒவ்வொரு காலுக்கும் கீழே மூன்று மில்லிமீட்டர் கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட உறுதித் தகட்டை உடலோடு பற்றவைத்து, குறைந்தது மூன்று எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளால் முடுக்க வேண்டும். போல்ட்டும் 8.8 தரமாக இருக்க வேண்டும். ஏறக்குறைய உள்ளங்கை அகலமுள்ள அந்தத் தகடுதான் ஒரு முனையில் வந்து குத்தும் பாரத்தைப் பரப்பிவிடுகிறது.

பிறகு பின்தாங்கிகள். பிரதான வளைவு தனியாக நின்றால் முன்னும் பின்னும் சாய்ந்துவிடும். அதன் தோள் உயரத்திலிருந்து பின்பக்கம் நோக்கி, செங்குத்துக் கோட்டிலிருந்து குறைந்தது 30 டிகிரி விலகி, வளைவே இல்லாத இரண்டு நேர்க் குழாய்கள் இறங்க வேண்டும். குறுக்கே ஒரு மூலைவிட்டக் குழாய். அது இல்லாத சட்டம், ஆணி கழன்ற கட்டில்போலப் பக்கவாட்டில் சாயும். முக்கோணம்தான் சாயாத வடிவம் என்பது கோபுரச் சாரம் கட்டுகிறவருக்கும் தெரிந்த பாடம்.

இவ்வளவும் எதற்கு? அங்கீகாரம் பெற விரும்பும் கூண்டைச் சோதிக்கும்போது, காரின் எடையோடு 150 கிலோவைக் கூட்டி, அதைப் போல் ஏழரை மடங்கு பாரத்தைப் பிரதான வளைவின்மேல் இறக்குகிறார்கள். ஆயிரம் கிலோ காருக்கு எட்டரை டன்னுக்கு மேல். இரண்டு பெரிய கொம்பன் யானைகள் ஏறி நிற்பதற்குச் சமம். கூண்டு உடையவும் கூடாது, அளவுக்கு மேல் அமுங்கவும் கூடாது.

அழகுக்குக் கட்டிய ஆபத்து

கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாறு முழுக்க இந்தக் கவலை ஓடுகிறது. தலைக்கு மேல் காற்று வேண்டும். தலைக்கு மேல் காவலும் வேண்டும். அமெரிக்காவில் திறந்த கார்களுக்குத் தடை வரலாம் என்ற பேச்சு எழுந்தபோது, 1965ல் போர்ஷே நிறுவனம் தன் 911 காரின் டார்கா வடிவத்தைக் காட்டியது. இருக்கைகளுக்குப் பின்னால் அகலமான, கழற்ற முடியாத வளைவு. பாதுகாப்புக்கு வைத்தது காலப்போக்கில் அழகின் அடையாளமாகிவிட்டது. 1989ல் வந்த மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் வளைவு மடங்கியே கிடக்கும். வண்டி கவிழப்போகிறது என்று சென்சார் உணர்ந்தால் அரை நொடிக்குள் நிமிர்ந்து நிற்கும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1961லேயே தலைக்குப் பின்னால் வளைவு கட்டாயமானது.

கட்டாயமானது என்பதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. 2022 ஜூலையில் சில்வர்ஸ்டோன் பந்தயத்தில் சீன ஓட்டுநர் ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகக் கவிழ்ந்து தரையில் தேய்ந்துகொண்டே போனது. கோடிகளைக் கொட்டிச் செய்த அந்தக் காரின் வளைவு உடைந்தேவிட்டது. 2018ல் கட்டாயமாக்கிய ஹேலோ என்ற முன்வளையம்தான் அவரைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டே வளைவுக்கான விதிகளை இறுக்கினார்கள். பணத்தைக் கொட்டிச் சோதித்த வளைவே உடையும் என்றால், சாலையோரப் பட்டறையில் அளவெடுக்காமல் கட்டியதன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் ஒரு சங்கதி, கூண்டு கட்ட ஆசைப்படுகிறவர்கள் காதில் போட்டுக்கொள்ளாதது. சாலையில் ஓடும் காருக்குள் முழுக் கூண்டு கட்டினால், ஓட்டுபவரின் தலைக்கு ஓரிரு விரற்கடை தூரத்தில் எஃகுக் குழாய் வந்து நிற்கும். பந்தயத்தில் தலையில் ஹெல்மெட் இருக்கும்; குழாயின்மேல் மெத்தை சுற்றியிருக்கும்; தோள்களைப் பல முனை பெல்ட் பிடித்திருக்கும். அன்றாடச் சாலையில் இவை எதுவும் இல்லை. சாதாரண மோதலில்கூட நெற்றி குழாயில் அடிபடலாம். வண்டி கவிழாமலே கூண்டு உயிரைக் குடிக்கும். கூண்டு, இருக்கை, பெல்ட், ஹெல்மெட் நான்கும் ஒரே உடுப்பு. ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது.

டிராக்டர் வரலாறு சொல்வதும் இதையே. புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டத்தை 1959லேயே கட்டாயமாக்கியது ஸ்வீடன். கவிழ்ந்த டிராக்டருக்கு அடியில் சிக்கி விவசாயிகள் இறப்பது அங்கே படிப்படியாக அருகியது. ஆனால் சட்டத்தோடு பெல்ட்டும் போட்டால்தான் முழுப் பலன். இல்லாவிட்டால் ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டு, தன்னைக் காக்க வைத்த அதே சட்டத்துக்குக் கீழே விழுவார்.

சட்டம் என்ன சொல்கிறது

கூண்டு கட்டுகிறவர் சந்திக்கும் அடுத்த கணவாய், மோட்டார் வாகனச் சட்டம். 1988ம் ஆண்டுச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. முன்பு இது இவ்வளவு கறாராக இல்லை. 2000ல் வந்த திருத்தம்தான் இறுக்கியது. இதைப் பற்றிய முக்கியமான தீர்ப்பு கேரளத்து வழக்கிலேயே வந்தது. மாநில விதிகளைக் காட்டி மாற்றங்களுக்கு இடம் கொடுத்த கேரள உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாட்டை 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறான மாற்றத்தை அனுமதிக்க முடியாது என்றது.

அதே 2019ல் வந்த இன்னொரு திருத்தம் தண்டனையையும் வகுத்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இடுக்கியில் இந்தத் துறையின் கை நீண்டிருப்பதற்கு உதாரணமும் உண்டு. 2022 மே மாதம் வாகமண் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த ஆஃப்-ரோடு பந்தயத்தில் மலையாள நடிகர் ஒருவர் ஜீப் ஓட்டிய காட்சி பரவியபோது, அனுமதியில்லாத பந்தயம் என்று வழக்குப் பதிவானது.

சட்டத்தின் கண்டிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் வண்டிகளில் மாட்டியவை எல்லாம் பாதுகாப்பாக அமைந்ததில்லை. காரின் முகப்பில் மாட்டிய புல் பார்கள் நடந்து போகிறவர்களின் எலும்பை நொறுக்கின. மோதலை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்த முன்பகுதியின் வேலையையும் கெடுத்தன. 2017 டிசம்பரில் மத்திய அரசு அவற்றை அகற்றச் சொன்னது. சோதிக்காத கூண்டும் அந்தக் கும்பலில் சேர்ந்ததுதான்.

ஆனால் அதே சட்டப் புத்தகத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் வாடகை வண்டியில் ஆள் ஏற்றினால், கூடுதலாக ஏறிய ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய். ஆக, ஜீப்பில் ஒரு குழாயை அனுமதியில்லாமல் மாட்டினால் ஐயாயிரம். உட்கார இடமில்லாத ஜீப்பில் இன்னும் ஐந்து பேரை அடைத்தால் ஆயிரம். மலைப் பாதையில் எது பெரிய ஆபத்து என்பதைக் கூலிக்குப் போகிறவர்கள் அறிவார்கள்.

தார்ப்பாய்க்குக் கீழே

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று ஏலக்காய் ராஜ்யம். பறிப்பதற்குத் தேனி மாவட்டத்துக் கைகள் வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பியாக வேண்டியிருப்பதால், காலை ஜீப்பும் மாலை ஜீப்பும் வேகம் எடுக்கின்றன. மூடுபனி, மழை, தேய்ந்த டயர், ஒரு நாளில் எத்தனை நடை என்ற கணக்கு. ஜீப் உயரமான வண்டி. உள்ளே அளவுக்கு மேல் ஆட்கள் ஏறினால் அதன் ஈர்ப்பு மையம் இன்னும் மேலே ஏறும். ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டினால் போதும். தோட்டத் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி எல்லையின் இரு பக்கத்து நாளிதழ்களிலும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

இடுக்கிக்கு மட்டும் உரிய துயரம் அல்ல இது. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் மானந்தவாடிக்குப் பக்கத்தில், தேயிலை பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்களின் ஜீப் பள்ளத்தில் பாய்ந்தது. ஒன்பது பெண்கள் இறந்தார்கள்.

பாலக்காட்டின் பக்கத்திலும் ஜீப் இல்லாமல் மலை வாழ்க்கை இல்லை. நெம்மாறாவிலிருந்து போத்துண்டி அணையைத் தாண்டி நெல்லியாம்பதிக்கு ஏறினால், தோட்டங்களுக்கு உள்ளே போகும் கரடு பாதைகள் ஜீப்புக்கென்றே விட்டவை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிகளுக்கும் கதி ஜீப்தான். கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டிப் பாதை கிடப்பது இடுக்கி மாவட்டத்தில். யார் எல்லையில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

பேருந்துகளுக்கு இந்த விஷயத்தில் விதி இருக்கிறது. உலகத் தரத்தைத் தழுவிய இந்தியத் தரத்தின்படி, பேருந்தின் கூட்டை 800 மில்லிமீட்டர் உயரத் தளத்திலிருந்து பக்கவாட்டில் சாய்த்து விழவைக்கிறார்கள். விழுந்த பிறகும் பயணிகள் உயிர் பிழைக்கத் தேவையான இடம் உள்ளே நசுங்காமல் இருக்க வேண்டும். ஜீப் இந்தக் கணக்கில் வராது. அது பேருந்து அல்லவே. ஆனால் மலையில் அது செய்வது பேருந்தின் வேலை.

தயாரிப்பாளர்கள் பாதி வழி வந்திருக்கிறார்கள். 2020ல் வந்த புதிய மஹிந்திரா தாரில் கூண்டு தொழிற்சாலையிலேயே வண்டியோடு பிறந்தது. அந்த வண்டிக்கு அந்த ஆண்டு குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அந்த நட்சத்திரங்கள் மோதலுக்குக் கொடுத்தவை. வண்டியை உருட்டிப் பார்த்துக் கொடுத்தவை அல்ல. இருந்தாலும், ஜீப் குடும்பத்து வண்டிக்குக் கூண்டு பொருந்தும், விலைக்கும் கட்டுப்படும் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் தார் வாங்குகிறவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவர் அல்ல. கூலி ஜீப்புகளில் பெரும்பாலானவை முந்தின தலைமுறை வண்டிகள்; கை மாறிக் கை மாறி, எஞ்சின் மூச்சு வாங்கும்வரை ஓடுபவை.

திறந்திருக்கும் கதவு

வழி இல்லாமல் இல்லை. தண்டனையை ஏற்றிய அதே 2019 திருத்தம், 52வது பிரிவில் ஒரு கதவையும் திறந்துவைத்தது. வண்டிகளில் பின்னர் பொருத்தும் பாகங்களுக்குத் தர அளவுகளையும் அங்கீகார நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம். அப்படி வகுத்தபடி பொருத்தினால் தயாரிப்பாளரின் உத்தரவாதமும் செல்லாமல் போகாது. கேஸ் கிட்டுக்கு முறையான அனுமதி வழி இருப்பதுபோல் கூண்டுக்கும் ஒரு வழி போட முடியும். பூனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிறது. அங்கே சோதித்து எண் கொடுத்த, போல்ட் போட்டு மாட்டக்கூடிய ஒரே வடிவக் கூண்டு. அதைக் கட்ட அனுமதி பெற்ற பட்டறைகள். முன்பக்கம் பார்த்த இருக்கைகள். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு பெல்ட். அப்போது ஏறக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் தானாகவே இருக்கைகளின் எண்ணிக்கைக்கு இறங்கிவிடும்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. எட்டுப் பேர் போனால் கட்டுப்படியாகாத நடை, பதினைந்து பேர் போனால் கட்டுப்படியாகிறது. கூடுதல் ஏழு பேரின் கூலியில்தான் ஜீப்காரரின் டீசலும் தோட்டக்காரரின் சிக்கனமும் ஒளிந்திருக்கின்றன. கூண்டு கட்டினால் இந்தக் கணக்கு வெளிச்சத்துக்கு வந்துவிடும். ஆட்களைக் கூட்டிவரும் செலவைத் தோட்டம் ஏற்கிறதா, ஏலக்காய் விலை ஏற்கிறதா, இல்லை கூலி வாங்குபவளின் எலும்பு ஏற்கிறதா என்று யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தரமான குழாய், தகடு, போல்ட், பற்றுக்கூலி எல்லாம் சேர்ந்தாலும் அது பழைய ஜீப்பின் விலையில் ஒரு பங்குதான். செய்முறை எழுதப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. செய்யத் தெரிந்த கைகள் வாளையாறுக்கு அந்தப் பக்கமே இருக்கின்றன. எட்டரை டன் பாரத்துக்குத் தாங்கும் கூண்டைப் பந்தய ஓட்டுநரின் பொழுதுபோக்குக்காகக் கட்டத் தெரிந்த ஒரு நாடு, 500 அடிப் பள்ளத்தின் ஓரமாக நாள்தோறும் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இன்னும் தார்ப்பாயைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது.